ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள், கம்பஸ்டிபிள்: வடசென்னையில் டெர்மினல், கோடவுன் வேலைக்குப் புதிதாக வருவோருக்கு

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் முன்னால் போகும் டேங்கரின் முதுகில் சிவப்பு எழுத்தில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். கோடவுனில் அடுக்கியிருக்கும் தின்னர் டிரம்மின் லேபிளில் ‘ஃப்ளேமபிள் லிக்விட்’ என்றிருக்கும். ஆபீஸ் ஃபைலில் உள்ள பாதுகாப்புத் தாளைப் புரட்டினால் ‘கம்பஸ்டிபிள்’ என்று மூன்றாவதாக ஒன்று வரும். மணலி, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, அத்திப்பட்டு வட்டாரத்தில் எண்ணெய் டெர்மினலிலோ கெமிக்கல் கோடவுனிலோ கன்டெய்னர் யார்டிலோ சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இந்த மூன்று சொற்களும் கண்ணில் பட்டுவிடும். முதல் இரண்டுக்கும் பொருள் ஒன்றே. மூன்றாவது மட்டும் வேறு. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றாக இருப்பதை எதிர்ச்சொற்கள் என்கிறார்கள், வேறாக இருப்பதை ஒன்று என்கிறார்கள்.

முதல் படி: ‘இன்’ என்பதற்கு மயங்காதீர்கள்

இன்கம்ப்ளீட் என்றால் முழுமையாகாதது, இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது. பள்ளியில் படித்த இந்தப் பழக்கத்தில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பிடிக்காதது என்று நினைப்பது இயல்புதான். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள்.

இந்த ‘இன்’ மறுப்பு முன்னொட்டு அல்ல. தீமூட்டு என்ற பொருள்கொண்ட லத்தீன் வினையிலிருந்து ‘இன்ஃப்ளேம்’ வந்தது. அப்படித் தீ மூட்டப்படக்கூடியது ‘இன்ஃப்ளேமபிள்’. உடம்பில் ஓர் இடம் சிவந்து வீங்கினால் டாக்டர் ‘இன்ஃப்ளமேஷன்’ என்கிறாரே, அதுவும் இதே வேர்தான். வயதில் ‘இன்ஃப்ளேமபிள்’ மூத்தது, ‘ஃப்ளேமபிள்’ 19ஆம் நூற்றாண்டில் வந்த இளையது. மூத்ததைப் படித்துவிட்டு ஆட்கள் பீடி பற்றவைத்துவிடுவார்களோ என்ற கவலையில் 1920களில் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதச் சொன்னது. 1959இல் பிரிட்டனின் தரநிலை நிறுவனமும் அதையே சொன்னது. இன்று உலகெங்கும் கெமிக்கல் லேபிளில் அச்சாவது ‘ஃப்ளேமபிள்’தான். நம் ஊர் டேங்கர் பெயின்டர்களும் ரயில்வே போர்டுகளும் பழைய சொல்லை இன்னும் விடவில்லை.

ஆகவே படிக்கும்போது இரண்டையும் ஒன்றாகவே படியுங்கள். எழுதும்போதும் பேசும்போதும் ‘ஃப்ளேமபிள்’ மட்டும் போதும். தீப்பிடிக்காது என்று சொல்ல வேண்டுமானால் ‘நான்-ஃப்ளேமபிள்’. ‘நான்-இன்ஃப்ளேமபிள்’ என்று சிலர் எழுதுவதைப் படிக்கிறவர் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கும். தீ விஷயத்தில் அந்த யோசனைக்கு நேரம் கிடையாது. ‘இன்ஃப்ளமேட்டரி’ என்பது இன்னொரு தனிச்சொல். கலவரத்தைத் தூண்டும் பேச்சுக்கு அதைச் சொல்வார்கள். கோடவுன் போர்டில் அதற்கு வேலையில்லை.

இங்கே மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு வார்த்தை. தமிழ் போர்டில் ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்று முழுசாக எழுதுங்கள். ‘தீப்பற்றும்’ என்று சுருக்கி, பக்கத்திலேயே ‘புகைபிடிக்காதே’ என்றும் சிறிய எழுத்தில் நெருக்கினால், தூரத்தில் நிற்கிற கிளீனர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாம் படி: பற்றுவது வேறு, எரிவது வேறு

கம்பஸ்டிபிள் என்பதற்குத் தமிழில் நேரான சொல் இருக்கிறது: எரியக்கூடியது. ஃப்ளேமபிள் என்றால் சட்டென்று பற்றக்கூடியது. நாம் பேச்சிலும் இதைப் பிரித்துத்தான் சொல்கிறோம். கற்பூரம் பற்றும், கட்டை எரியும். கட்டை எரிய முதலில் அதைச் சூடேற்ற வேண்டும்.

திரவத்தில் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பெட்ரோலோ டீசலோ, திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. மேலே எழும் ஆவி காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் பொறி பட்டதும் பற்றும். பெட்ரோலுக்கு அந்த அளவு காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம். அதற்குக் குறைந்தால் பற்ற ஆவி போதாது, கூடினால் காற்று போதாது. ஒரு திரவத்தின் மேல் பற்றும் அளவுக்கு ஆவி சேரும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு ஃப்ளாஷ் பாயின்ட் என்று பெயர். சொல்லைவிட இந்த எண்ணை நம்புங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். காரணம், அதே திரவத்துக்கு ஒரு நாட்டு விதி ‘ஃப்ளேமபிள்’ என்கிறது, இன்னொரு நாட்டு விதி ‘கம்பஸ்டிபிள்’ என்கிறது.

சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் செல்சியஸில். பெட்ரோல் மைனஸ் 40க்கும் கீழே. அசிட்டோன் மைனஸ் 20ஐ ஒட்டி. தின்னரில் வரும் டொலுயின் சுமார் 4. கலப்பில்லாத எத்தனால் 13. மண்ணெண்ணெய்க்கும் வண்டிக்குப் போடும் டீசலுக்கும் இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது 35. ஃபர்னஸ் ஆயில் குறைந்தது 66. இன்ஜின் ஆயில் பெரும்பாலும் 200ஐ ஒட்டி.

மூன்றாம் படி: எந்தக் கோட்டை வைத்து அளக்கிறார்கள் என்று பாருங்கள்

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் ஃப்ளேமபிள், கம்பஸ்டிபிள் என்ற சண்டைக்கே போவதில்லை. ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு பிரித்துவிட்டது. ஃப்ளாஷ் பாயின்ட் 23க்குக் கீழ் இருந்தால் ஏ. 23 முதல் 65க்குள் பி. 65 முதல் 93க்குள் சி. டெர்மினலில் ‘கிளாஸ் ஏ’, ‘கிளாஸ் பி’ என்று மேஸ்திரி சொன்னால் இதைத்தான் சொல்கிறார். பெட்ரோல் ஏ, டீசல் பி, ஃபர்னஸ் ஆயில் சி.

கப்பலில் வரும் டிரம்களில் உலகப் பொது லேபிள் முறை இருக்கும். அங்கே கோடு 60இல் விழுகிறது. 60 வரை ‘ஃப்ளேமபிள்’, 60க்கு மேல் 93 வரை ‘கம்பஸ்டிபிள்’. ஃப்ளேமபிளிலும் மூன்று படி. எச் என்ற ஆங்கில எழுத்தோடு 224 என்றிருந்தால் ‘எக்ஸ்ட்ரீம்லி’, 225 என்றால் ‘ஹைலி’, 226 என்றால் வெறும் ‘ஃப்ளேமபிள்’, 227 என்றால் ‘கம்பஸ்டிபிள்’. முதல் இரண்டுக்கு ‘டேஞ்சர்’ என்றும் அடுத்த இரண்டுக்கு ‘வார்னிங்’ என்றும் கூடவே அச்சிட்டிருப்பார்கள். கவனிக்க வேண்டியது, 227க்குத் தீச்சுவாலைப் படமே இருக்காது. படம் இல்லையே, ஆபத்தில்லாதது போல என்று டிரம்மை வெல்டிங் பக்கம் உருட்டிவிடுவது இங்கேதான் நடக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வரும் பழைய கையேடுகளில் கோடு 37.8 டிகிரியில், அதாவது அவர்கள் கணக்கில் 100 ஃபாரன்ஹீட்டில் இருக்கும். அதன்படி பல டீசல்கள் ‘கம்பஸ்டிபிள்’. நம் லேபிளில் அதே டீசல் ‘ஃப்ளேமபிள்’. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் குழம்ப வேண்டாம். பாதுகாப்புத் தாளுக்கு 16 பிரிவுகள் உண்டு. 9ஆம் பிரிவைத் திறந்து ஃப்ளாஷ் பாயின்ட் எண்ணை எடுங்கள். தீயணைக்க என்ன வேண்டும் என்பது 5இல், எப்படி அடுக்குவது என்பது 7இல், லாரியில் என்ன வகுப்பு என்பது 14இல் இருக்கும்.

எண்ணை எடுத்தபின் இடத்தின் சூட்டோடு ஒப்பிடுங்கள். வடசென்னையில் இதுதான் முக்கியம். கத்திரி வெயிலில் வெளியே நிழலிலேயே 40 தாண்டும் நாள்கள் உண்டு. தகர ஷெட்டுக்குள், வெயிலில் நிற்கும் டிரம்மின் மேல்தகட்டில், இன்னும் கூடும். 38 ஃப்ளாஷ் பாயின்ட் உள்ள மண்ணெண்ணெய் ஜனவரியில் ‘எரியக்கூடியது’ போல நடந்துகொள்ளும். மே மாத மதியத்தில் அது ‘பற்றக்கூடியது’ ஆகிவிடும். லேபிள் மாறவில்லை, டிரம் மாறவில்லை, வெயில் மட்டும் மாறியிருக்கிறது. குளிர்நாட்டுக் கையேட்டில் ‘சாதாரண அறை வெப்பநிலையில் பற்றாது’ என்றிருந்தால் அவர்கள் 20 டிகிரி அறையை நினைத்து எழுதியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சூடே இல்லாமலும் கம்பஸ்டிபிள் திரவம் பற்றும் வழிகள் இரண்டு. ஒன்று, துணி. தட்டில் ஊற்றிய டீசலில் குளிர்ந்த காலையில் தீக்குச்சி போட்டால் அணைந்தாலும் அணையும். அதே டீசல் ஊறிய கழிவுத்துணி திரிபோல உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டு, பீய்ச்சல். ஹோஸில் ஊசிமுனை ஓட்டை விழுந்து டீசல் பனிபோல் தெறித்தால், ஃப்ளாஷ் பாயின்ட்டுக்குக் கீழேயும் அது பற்றும். ஆகவே டீசல்தானே என்று கசிவை விட்டுவைக்காதீர்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பொறியே இல்லாமல் வெறும் சூட்டில் தானாகப் பற்றும் வெப்பநிலை டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவு. லாரியின் கொதிக்கும் சைலன்சர் குழாய்மேல் டீசல் சொட்டுவது சாதாரண விஷயமல்ல.

நான்காம் படி: சொல்லுக்கு ஏற்ப வேலையை மாற்றுங்கள்

ஏ வகுப்பையும் பி வகுப்பையும் சட்டம் எவ்வளவு வேறாகப் பார்க்கிறது என்பதற்கு லைசென்ஸ் அளவே சாட்சி. விற்பனைக்கல்லாமல் கிளாஸ் ஏ வைத்திருக்க லைசென்ஸ் இல்லாத உச்சவரம்பு 30 லிட்டர். அதுவும் இறுக மூடிய பாத்திரத்தில். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒன்று 1 லிட்டரைத் தாண்டக்கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டர். பிளாஸ்டிக் கேன் இந்தப் பட்டியலிலேயே இல்லை. கிளாஸ் பி என்றால் ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை, ஒரு பாத்திரம் 1,000 லிட்டருக்கு மிகாமல். பட்டறையில் தின்னர் கேன்களையும் டீசல் கேன்களையும் ஒரே கணக்கில் கூட்டி எழுதுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆவி காற்றைவிடக் கனமானது. பெட்ரோல் ஆவி மூன்று, நான்கு மடங்கு கனம். அது தரையோடு தவழ்ந்து கால்வாயிலும் சரிவிலும் பள்ளத்திலும் தேங்கும். கசிவு ஒரு மூலையில், பற்றுவது இருபது அடி தள்ளி டீக்கடை அடுப்பில் என்று ஆவது இதனால்தான். ஆகவே ஃப்ளேமபிள் அடுக்கும் அறைக்குக் காற்றுப்போக்கி தரையை ஒட்டியும் இருக்க வேண்டும், கூரைப் பக்கம் மட்டும் வைத்தால் பயனில்லை.

டேங்கரில் ஏற்றும்போது, சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் கிளிப்பை முதலில் மாட்டுங்கள், கடைசியில் கழற்றுங்கள். பெயின்ட் பூசிய இடத்தில் மாட்டினால் மின்தொடர்பு இருக்காது, சுரண்டிய உலோகத்தில் கவ்வ வேண்டும். குழாயின் வாய் எண்ணெயில் மூழ்கும்வரை வேகம் விநாடிக்கு 1 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. வேகமாக ஓடும் எண்ணெய் நிலைமின்சாரத்தைச் சேர்க்கும்.

இப்போது ‘கம்பஸ்டிபிள்’ என்ற சொல் நேராக ஏமாற்றும் இடத்துக்கு வருவோம். டேங்கரின் தொட்டி உள்ளே தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும். காலையில் பெட்ரோல் ஏற்றிப்போன அறையில் மாலையில் டீசல் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது டீசல்தானே என்று எர்த் கிளிப்பில் அலட்சியம். அறைக்குள் தங்கியிருப்பது பெட்ரோல் ஆவி. பெட்ரோல் நிரம்பும்போது ஆவி அளவுக்கு மிஞ்சிப் பற்றாத நிலைக்குப் போய்விடும். டீசல் நுழையும்போதோ அந்த ஆவி நீர்த்து, பற்றும் அளவுக்குள் வந்து நிற்கும். கூடவே நிலைமின்சாரமும் தயார். இரண்டு எரிபொருளில் ‘சாது’வானதை ஏற்றும்போது வெடிப்பது இப்படித்தான். முந்தைய லோடு என்ன என்று டிரைவரிடம் கேட்காமல் வால்வைத் திறக்காதீர்கள். “அண்ணே, இதுக்கு முன்னாடி எந்த அறையில என்ன ஏத்துனீங்க?” என்று அறை அறையாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

டேங்கரைச் சாலையிலேயே படிக்கவும் பழகுங்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு தகவல் பலகை இருக்கும். அதில் சரக்கு எது என்று சொல்லும் நான்கு இலக்க யு.என். எண்: பெட்ரோல் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223, எல்.பி.ஜி. 1075. மேலே எண்ணும் எழுத்துமாக உள்ள குறியீட்டில் முதல் எண் 2 என்றால் நுண்ணிய நீர்த்தூவல், 3 என்றால் நுரை. கடைசியில் ஆங்கில ‘இ’ எழுத்து இருந்தால் ஆட்களை அப்புறப்படுத்த யோசிக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரைப் பீய்ச்சினால் எரியும் எண்ணெய் மிதந்து பரவும் என்பதால்தான் அந்த 3. விபத்தில் 101க்கோ 112க்கோ போன் செய்யும்போது ‘இன்ஃப்ளேமபிள் லோடு’ என்று சொல்வதைவிட அந்த நான்கு இலக்கத்தைச் சொல்லுங்கள்.

பற்றாதது என்றால் பயமில்லாதது அல்ல

நான்-ஃப்ளேமபிள் என்ற சொல் தருகிற நிம்மதிதான் எல்லாவற்றிலும் மோசம். அமோனியம் நைட்ரேட் தானாகத் தீப்பற்றாது. அதன் லேபிளில் ஃப்ளேமபிளுக்கான சிவப்பு வைர வடிவச் சின்னம் கிடையாது, வட்டத்தின் மேல் சுவாலை வரைந்த மஞ்சள் வைர வடிவம்தான், கீழே 5.1 என்ற வகுப்பு எண். இன்னொன்றின் தீக்கு ஆக்சிஜன் ஊட்டுவது, சூழ்நிலை கெட்டால் வெடிப்பது என்று பொருள். 2020 ஆகஸ்டில் இதே சரக்கால் பெய்ரூட் துறைமுகம் வெடித்தபிறகு, மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஐந்து ஆண்டுகளாகக் கிடந்த கிட்டத்தட்ட 700 டன் அமோனியம் நைட்ரேட்டை அவசரமாக வெளியே அனுப்பினார்கள். யார்டு ஆட்கள் சுவாலைப் படத்தை மட்டும் பார்த்துச் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றென எண்ணி ஒரே வரிசையில் அடுக்கினால், எரிபொருளையும் அதற்கான ஆக்சிஜனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததாகும். ஆக்சிஜன் சிலிண்டரும் அப்படியே. ஆக்சிஜன் எரியாது, ஆனால் அதன் ரெகுலேட்டரில் கிரீஸ் தடவிய கை பட்டால் பற்றும்.

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிகளில் ஓடும் அமோனியாவுக்கு வண்டியில் இருப்பது மண்டையோட்டு லேபிள், சுவாலை இல்லை. ஆனாலும் காற்றில் 15 முதல் 28 சதவீதம் சேர்ந்தால் அது எரியும். நச்சு பெரியது என்பதால் அதை முன்னே போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் ஷெட்டில் மூன்று கேன் இருக்கும். ரெசினில் உள்ள ஸ்டைரீனின் ஃப்ளாஷ் பாயின்ட் 31ஐ ஒட்டி, அதாவது நம் ஊரில் பெரும்பாலான மதியங்களில் பற்றக்கூடியது. கழுவ வைத்திருக்கும் அசிட்டோன் எப்போதும் பற்றக்கூடியது. சின்ன பாட்டிலில் உள்ள கேட்டலிஸ்ட்டில் ‘ஆர்கானிக் பெராக்சைடு’ என்றிருக்கும். ஃப்ளேமபிள் என்று எழுதவில்லையே என்று அதைக் குறைத்து எடைபோடாதீர்கள், மூன்றில் முரட்டுத்தனமானது அதுதான். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரோடு நேராகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கியபிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

திடப்பொருளில் கம்பஸ்டிபிள் என்றால் சாக்கு, காகிதம், பலகை, நிலக்கரி. கட்டியாக இருக்கும்வரை மெதுவாக எரிகிறவை. தூசியாகிக் காற்றில் மிதந்தால் வெடிக்கும். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி கன்வேயர் கூண்டுகளில் தூசியைத் துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்புவதைவிட, தண்ணீர் தெளித்தோ தகுந்த வாக்குவத்தாலோ எடுப்பது இதற்காகத்தான். ஆக, ‘கம்பஸ்டிபிள் டஸ்ட்’ என்ற போர்டில் உள்ள கம்பஸ்டிபிளை ஃபர்னஸ் ஆயில் டிரம்மில் உள்ள கம்பஸ்டிபிள் என்று நினைத்துவிடாதீர்கள். தீக்குச்சிக்கு வகுப்பு 4.1, ஃப்ளேமபிள் சாலிட். விம்கோ நகர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் தின்னர் கேனோடு ஏறுகிறவர்கள் மட்டும் ‘இன்ஃப்ளேமபிள்’ போர்டைப் படிப்பதில்லை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை சொல்கிறது.

எழுதும்போதும் சொல்லும்போதும்

லாக் புத்தகத்தில் சொல்லோடு எண்ணையும் எழுதுங்கள்: ‘ஃப்ளேமபிள் லிக்விட், ஃப்ளாஷ் பாயின்ட் 4, கிளாஸ் ஏ’. அடுத்த ஷிப்டில் வருகிறவருக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் புரியும். வாய்மொழியாக ஒப்படைக்கும்போது “இது பத்திக்கும், இது எரியும், இது ரெண்டும் இல்ல, ஆனா பக்கத்துல இருக்கிறத எரிய வைக்கும்” என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் போதும்.

கடைசியாகக் காலி டிரம். இங்கே எந்தச் சொல்லும் உதவாது. நிறைந்த பெட்ரோல் டிரம்முக்குள் காற்றுக்கு இடமில்லை, அதனால் உள்ளே பற்றாது. கவிழ்த்து வடித்துக் காலி என்று ஓரம் கட்டிய டிரம்மில் ஆவியும் காற்றும் பொருத்தமாகக் கலந்து நிற்கும். அதை அடுப்பாக்கவோ தண்ணீர்த் தொட்டியாக்கவோ கட்டிங் டார்ச்சோடு உட்கார்ந்தால் மூடி முகத்துக்கு வரும். டீசல் டிரம்மும் விலக்கல்ல, டார்ச்சின் சூடே மிச்ச எண்ணெயை ஆவியாக்கிவிடும். ‘ஃப்ளேமபிள்’ லேபிளைக் காலியானதும் கிழிக்காதீர்கள். நீராவியிலோ தகுந்த கழுவலிலோ சுத்தம் செய்து, வாயு அளவி வைத்துப் பார்த்து, ரீடிங் பூஜ்யம் என்று பொறுப்பாளர் எழுதிக் கையெழுத்திட்டபிறகே லேபிளை எடுக்க வேண்டும். மூக்கால் மோந்து பார்த்து வாசனை இல்லை என்று சொல்வது சோதனை ஆகாது.